பாதிப் பெட்டி

குண்டு விழுந்தால் ஒளிய
வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்த இரும்புக் கதவு அறையில்,
இன்னும் விழாததால்,
அரிசி மூட்டை, பழைய மின்விசிறி,
சக்கரம் கழன்ற பயணப்பெட்டி,
என் மூன்று போத்தல்கள்.

மொத்தம் ஆறு. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு அறுவடை.
ஷிராஸ் அறுபத்திரண்டு, கேபர்னே முப்பத்தெட்டு என்று
சீட்டின் பின்னால் பொடி எழுத்து.
பரோசாவில் வாங்கி என் இரவு உடைகளில் சுற்றி
சாங்கியில் சிவப்பு வழியில் நின்று
வரி கட்டினான் பரிதி.
ரசீதை நான் வைத்திருந்தேன்.
அதனால் பிரிந்தபோது பட்டியலில்
சோபாவுக்கும் காருக்கும் கீழே இதுவும் ஏறியது:
மது, ஆறு. ஆளுக்கு மூன்று.

அவனுடையவை ஜூரோங்கில் ஒரு கிடங்கில்,
பதின்மூன்று பாகை, நிரந்தர இருட்டு, மாத வாடகை.
என்னுடையவை பொங்கோலில், பதினான்காம் மாடியில்,
இரண்டாம் கையாய் வாங்கிய குட்டிக் குளிர்ப்பெட்டியில்.
ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த மே மாதம்
அதன் கம்ப்ரெஸர் செத்தது.
பழுதுபார்க்க ஆள் வர முடியாது. ஐந்து வாரம்.
கோடைக்கும் குளிருக்கும் முறைவைத்துப் பழுத்த திராட்சை
பருவமே இல்லாத ஊரின்
ஒரே நீண்ட மதியத்தில் கிடந்தது.
காய்ச்சல்காரிக்குப் போடுவதுபோல்
ஈரத் துண்டு சுற்றிச் சுற்றி மாற்றினேன்.
தேறுமா என்று கேட்க யாருமில்லை.

நேற்று ஒரு கையெழுத்துக்காக வந்தான்.
ஃபேர்பிரைஸ் பையில், ஐஸ் கட்டிகளோடு,
மீன் மாதிரி ஒரு போத்தல்.
"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போமா?"

அவன் தக்கை முழுசாய், சத்தத்தோடு வந்தது.
என்னுடையது பாதியில் பொடிந்தது.
தேநீர் வடிகட்டியில் மெல்ல இறுத்தேன்;
போத்தலின் தோளில் வண்டல் நின்றுகொண்டது.

அவனுடையது: இன்னும் கருஞ்சிவப்பு.
நாவற்பழம், மிளகு, மூக்கின் மேல்பாகத்தில்
சந்தேகமில்லாமல் கோடாரித் தைலம்.
பிறகு ஈறைப் பிடித்துக்கொள்ளும் ஒன்று.
டானின், டானின் என்றான்.
துவர்ப்பு என்று ஒரு சுவையே இருக்கிறது நமக்கு,
வாழைப்பூ ஆய்ந்த விரலுக்குத் தெரியும்.
"இன்னும் திறக்கல. பத்து வருஷம் பொறுக்கணும்"
என்றான், தன் மதுவைப் பார்த்து.
நான் எதுவும் சொல்லவில்லை.

என்னுடையது: ஓரத்தில் செங்கல் நிறம்.
பேரீச்சை, பழம்புளி, கருகத் தொடங்கிய குலா மலாக்கா,
மழையில் நனைந்து காய்ந்த தோல் செருப்பு.
வெந்துபோன வாடையும் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை.
ஆனால் துவர்ப்பு கரைந்து எங்கோ
பட்டுபோல் படுத்திருந்தது.
அறுபத்திரண்டையும் முப்பத்தெட்டையும் நாக்கு தேடியது.
இருபது வருடத்தில் எது எதுவென்று
அவையே மறந்திருக்கும்.

இரண்டு மிடறு பேசாமல் இருந்துவிட்டு
"முடிஞ்சுபோயிருக்கும்னு நினைச்சேன்" என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.

தெளிந்த கள்ளைத் தேறல் என்றார்கள் முன்பு.
தேர்வில் தேறுவதும் அதே சொல்,
காய்ச்சலிலிருந்து தேறுவதும்.
பிரிந்த வாரம் என் அத்தை வந்து
இரண்டு மணிநேரம் சொல்லிவிட்டுப் போனதும்
தேறுதல்தான்; அது மட்டும் கலங்கலாக இருந்தது.

அவன் கையெழுத்துப் போட்டான், நானும் போட்டேன்.
கடைசி ரயிலுக்கு ஓடினான்,
ஐஸ் உருகிய பையை மறந்துவிட்டு.

இரண்டு போத்தலிலும் கால்வாசி மிச்சம்.
அடைக்க ஒரே ஒரு மூடிதான் இருந்தது.
ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன்,
யாரோ பார்ப்பதுபோல்.
பிறகு அவனுடையதில் என்னுடையதை ஊற்றி அடைத்து
முட்டைத் தட்டுக்குக் கீழே வைத்தேன்.
சரியாக வரவில்லையென்றால்
ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்கு ஆகும்.